சுவடிக்கூடமும் சமையற்கூடமும்

யாழ்ப்பாணத்திலே விழாவொன்று நடந்தால் மலரொன்று வெளிவராமற் போவதில்லை. வெள்ளி விழா மலர், பொன் விழா மலர், நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர் என நூலகத் தட்டுகளை நிறைத்துக் கிடக்கும் இவற்றை ஒருசேர எடுத்து வைத்துப் படிப்பவர்க்கு ஓருண்மை விரைவிற் புலனாகும். எந்த நிறுவனமும் தனது மலரிலே தவறு செய்ததில்லை. ஸ்தாபகர் தியாகியாகவே பிறக்கிறார். அதிபர்கள் யாவரும் கண்டிப்பும் கருணையும் ஒருங்கே வாய்த்தவர்கள். மாணவர்கள் யாவரும் பிற்காலத்திற் பெரியவர்களாகி விடுகிறார்கள். இத்தகைய மலர்கள் சிலவற்றுக்கு நாமும் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை.

1974 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி திருநெல்வேலியிலே திறந்து வைக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகம், 1979 ஆம் ஆண்டு சனவரி முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகம் தோன்றி 2024 ஆம் ஆண்டுடன் அரை நூற்றாண்டு நிறைந்தது. எமது முன்னோர் சர்வகலாசாலை என்று வழங்கிய அந்நிறுவனத்தின் கதையை மலர்களிலிருந்தன்றி நூலகத்தின் பழைய கடதாசிகளிலிருந்து அறிந்துவருமாறு எமது உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு ஒரு பணி கொடுத்தோம். அனுமதி பெற்று அவர்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் அழைத்துச் சென்றோம். கட்டிவைக்கப்பட்ட பழைய பத்திரிகைகள், மறுபதிப்புக் காணாத ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் என மேசைமேல் வந்து குவிந்தவற்றைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு புரட்டினார்கள். ஒரு மாணவன் மட்டும் நெடுநேரம் ஒன்றையும் தொடவில்லை. கடைசியில் மெல்லிய குரலிற் கேட்டான்: “சேர், இதுக்குள்ளை எங்கட ஆக்களின்ரை பேர் எங்கையாவது கிடக்குமோ?”

‘எங்கட ஆக்கள்’ என்று அவன் குறித்தது தமிழரையன்று. அது எமக்கும் விளங்கியது. அவனோடு வந்த ஏனைய பிள்ளைகளுக்கும் விளங்கியது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அக்கேள்விக்கு அன்று நாம் கூறிய மறுமொழி திருப்தியானதன்று. ஆதலின் அதனை இங்கு எடுத்து ஆராய முற்படுகிறோம். தன்னைக் குற்றஞ்சாட்டும் கடதாசியையும் தானே பேணிவைக்கும் கடமை ஒரு கல்வி நிறுவனத்துக்கு உண்டா? எழுதிவைக்க வழியற்றிருந்தவர்களுக்கு எழுதியவர்களின் சுவடிக்கூடம் கடன்பட்டிருக்கிறதா? கேள்வி இவ்வளவுதான்.

நூலுக்கும் ஆவணத்துக்குமுள்ள வேறுபாட்டை முதலில் நோக்குதல் வேண்டும். நூல் எம்மைப் பார்த்துப் பேசுகிறது. அதனை எழுதியவர் வாசகன் ஒருவனை மனத்திற்கொண்டே எழுதினார். அவனிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எண்ணியே எழுதினார். சேர்விடாப்பு, கணக்கேடு, கூட்டக் குறிப்பு, மேலிடத்துக்கு எழுதிய முறைப்பாடு ஆகியவை அத்தன்மையனவல்ல. அவை யாரோ ஒருவர் மற்றொருவரிடம் அன்றைய அலுவலுக்காகப் பேசியவை. நாம் கதவோரத்தில் நின்று கேட்கிறோம். அவையும் பொய் சொல்லக்கூடும். அரிசிக் கணக்கிலே பொய் எழுதிய மணியகாரர் எத்தனையோ பேர். ஆயினும் அப்பொய் எமக்காகச் சொல்லப்பட்டதன்று. எமது காலத்தவரின் புகழ்ச்சியை எதிர்பாராமல் எழுதப்பட்ட இக்கடதாசிகளிலேதான் ஒரு நிறுவனம் தான் அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

யாழ்ப்பாணத்து உயர்கல்வியின் வரலாற்றை எந்த ஆண்டிலே தொடங்குவது? 1974 எனலாம். வளாகம் அமைந்த நிலம் பரமேஸ்வராக் கல்லூரிக்குரியதாதலின் 1921 எனலாம். எம்மவரிற் பலர் பெருமையோடு எடுத்துக்கூறும் ஆண்டு 1823. அவ்வாண்டிலேதான் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் பின்னர் செமினரி எனப் பெயர்பெற்ற உயர் கல்விக்கூடத்தைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ், வடமொழி என்று பரந்த பாடத்திட்டம். அதனை நேரிற் கண்ட குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்தெண்ணத்தக்கது என 1850 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் எழுதினார். 1857 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள். தொல்காப்பியத்தின் பகுதிகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை, எடுக்குந்தோறும் நொறுங்கும் ஓலைகளைக் கண்டு தம் பதிப்புரையிலே கலங்கி நின்றதைத் தமிழ் படித்தோர் யாவரும் அறிவர். இவை மெய், பெருமைக்குரியவை. இவற்றை நாமும் வகுப்பறையிற் சொல்லிவருகிறோம்.

டெனன்றின் அதே நூலில் வேறொரு செய்தியும் உண்டு. மலர்களிலே அது இடம்பெறுவதில்லை. வட்டுக்கோட்டைக்குப் படிக்க வந்த முதற் பிள்ளைகள் கிறிஸ்தவரின் கூரையின் கீழ் உண்ண மறுத்தனர். ஆதலால் அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிலே அவர்களுக்கெனத் தனிச் சமையற்கூடம் ஒன்று கட்ட வேண்டியதாயிற்று. அறிவை ஏற்கலாம், சோற்றை ஏற்கலாகாது என்பதே ஏற்பாடு. நியூற்றனும் யூக்கிளிட்டும் வேலிக்கு இப்பால். உலையும் பானையும் வேலிக்கு அப்பால். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் மனவமைப்பை விளக்க இந்த ஒரு வேலியிலும் சிறந்த உவமையை நாம் அறியோம். அச்சமையற்கூடத்திலே அடுப்பு மூட்டியவர் யார்? தண்ணீர் அள்ளியவர் யார்? அந்தக் கிணற்றிலே அள்ளும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை? அங்கு படித்தவர்கள் பெரும்பாலும் வேளாளர் குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தெரிந்ததே. எஞ்சியவற்றை ஊகிப்பதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை.

இன்னுமொன்று. கோவியர், நளவர், பள்ளர் எனப் பெயர் குறித்து மனிதரை அடிமைகளாகப் பதிவு செய்யும் சட்டவிதிகள் ஆங்கிலேயர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் இருந்தன. அடிமைமுறை இலங்கையில் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 ஆம் ஆண்டிலேயாம். எனவே வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் இருபத்தோராண்டுகளும், குடாநாட்டில் மனிதன் மனிதனுக்குச் சட்டப்படி உடைமையாயிருந்த ஆண்டுகள். தமிழ்நாட்டுக்கே பட்டதாரிகளைக் கொடுத்த மண் என்று நாம் மார்தட்டும் மண்ணிலே, படலைக்கு வெளியே பதிவேட்டிலே பெயர் எழுதப்பட்டவர்கள் நின்றார்கள். அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டதற்குக் காரணம் அவர்கள் மனிதர் என்பதன்று. அவர்களுக்கு விலையும் உடைமையாளரும் இருந்தமையே. விலை நீங்கியதும் பெயரும் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் எங்கே சென்று படிப்பது என்று மாணவர் கேட்டனர். அமெரிக்க மிஷன் சபையார் பொஸ்ரனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹாவட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்திலே பேணப்படுகின்றன. அரசாங்கப் பதிவுகளைப் பார்க்கக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும். 1841 ஆம் ஆண்டு தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் இதழ்களையும் முழுமையாக ஓரிடத்திற் காண்பது எளிதன்று. எமது பாட்டன்மார் என்ன உண்டார்கள், யாரோடு உண்ண மறுத்தார்கள் என்பதை அறிய நாம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஏகாதிபத்தியம் கொண்டு போனது கறுவாவையும் முத்தையும் மட்டுமன்று.

செமினரி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் குழுவினரின் மனக்குறை, ஆங்கிலம் படித்தவர்கள் வேத ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது. மிஷனரிமாருக்கு அது தோல்வியாகத் தோன்றியது. குடியேற்ற ஆட்சிக்கு அது பெருவெற்றி. கச்சேரிக்கும், பின்னாளில் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞரை வழங்கும் பண்ணையாக யாழ்ப்பாணம் மாறிய கதை அங்கிருந்தே தொடங்குகிறது. 1872 ஆம் ஆண்டிலே அதேயிடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. இதனை இவ்வளவில் விட்டு, திருநெல்வேலிக்கு வருவோம்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921 ஆம் ஆண்டிற் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். தமது பொருளைச் செலவிட்டு நிறுவினார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். இன்றைய பல்கலைக்கழக வளவினுள் நிற்கும் சிவன் கோயிலும் அவரது ஞாபகமே. அதே இராமநாதன்தான், டொனமூர் ஆணைக்குழு 1928 ஆம் ஆண்டிலே சகலருக்கும் வாக்குரிமை வழங்க வேண்டுமென விதந்துரைத்தபோது அதனைக் கடுமையாக எதிர்த்தவர். அவர் கட்டிய பள்ளியின் வாசலிலே நின்று அவரது அறிவை வியக்கும் ஏழைக் கமக்காரனும், கூலிப் பெண்ணும் தேர்தலில் வாக்களிப்பது அவருக்கு உவப்பாயில்லை. இவ்விரண்டு இராமநாதரையும் ஒரே சுவரிலே மாட்டி வைப்பதற்கு எமக்குத் துணிவு வேண்டும்.

அக்காலத்து மனிதரை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் அளவுகோல் இக்காலத்ததன்று. 1924 ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார், ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழரும், அதே யாழ்ப்பாணத்திலே, அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தீண்டாமை ஒழிய வேண்டும் என்றார்கள். சமபந்தி போசனம் நடத்தினார்கள். 1927 ஆம் ஆண்டிலே காந்தியடிகளை வரவழைத்தார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது அதனை ஆதரித்து நின்றவர்களும் அவர்களே. அன்றைய மனிதருக்கு நியாயம் தெரியாதென்பது பொய். தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரிந்தும் ஏற்காதவர்கள் கூடுதலாக இருந்தார்கள், அவ்வளவே.

அந்தச் சம ஆசன விதியின் விளைவை எமது பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. 1930 ஆம் ஆண்டையொட்டி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை வாங்கில் இருத்திய குற்றத்துக்காகக் குடாநாட்டிலே பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. தீ வைத்தவர் அந்நியரல்லர். பொலிசாரல்லர். சிங்களவரல்லர்.

இவ்விடத்தில் வாசகர் சிலருக்கு முகம் சுளிக்கும் என்பதை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்திலே நெருப்பு, புத்தகம் என்ற இரு சொற்களையும் சேர்த்துச் சொன்னவுடன் எழுவது ஒரே நினைவு. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டது. செல்லப்பா அவர்கள் 1933 ஆம் ஆண்டிலே தமது வீட்டிற் சிறு வாசிகசாலையாகத் தொடங்கியது. 1959 ஆம் ஆண்டிலே பெருங்கட்டடமாக எழுந்து நின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பராயிற்று. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அச்சுவாலையைக் கண்ட தாவீது அடிகள் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அரசின் காவலர்களே செய்த அக்கொடுமையைக் குறைத்துப் பேசும் எவரோடும் எமக்கு உடன்பாடில்லை. அதன்பின் நேர்ந்தவையும் சிறியனவல்ல. 1987 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படையினர் உலங்குவானூர்தியில் வந்திறங்கியது பல்கலைக்கழக மைதானத்திலே. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது பல்கலைக்கழகமும் வெளியேறிற்று. எந்தக் கடதாசியை எடுப்பது, எதை விடுவது என்று அந்த மழையிலே யார்தான் எண்ணியிருப்பார்?

எரிக்கப்பட்டவர்கள் நாம் என்பது உண்மை. எரிக்கப்பட்டவர்கள் மட்டுமே நாம் என்பது உண்மையன்று. 1981 ஆம் ஆண்டின் நெருப்பை மறக்கக்கூடாது என்று எந்த நீதியின் பேராற் கேட்கிறோமோ, அதே நீதி 1930 ஆம் ஆண்டின் நெருப்பையும் மறக்கக்கூடாதென்று எம்மிடம் கேட்கிறது. முதலாவதைப் பேணி இரண்டாவதை ஒளிக்கும் சுவடிக்கூடம் ஒரு வழக்கறிஞரின் கோப்பாகலாம், வரலாறாகாது.

“சுற்றிவர எதிரி நிற்கும்போது வீட்டுக் குப்பையைக் கிளறலாமா?” என்பது எமது ஊரிலே அறுபது எழுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி. ஆலயப் பிரவேசத்துக்காக மாவிட்டபுரத்திலே மக்கள் 1968 ஆம் ஆண்டிற் போராடியபோதும் தமிழரின் ஒற்றுமை குலைகிறது என்றார்கள். எக்காலத்திலும் ஒற்றுமைக்காக வாய் மூடவேண்டியவன் மிதிபடுபவனாகவே இருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. இக்கேள்விக்குப் பல்கலைக்கழகமே தன் உடலிலே ஒரு மறுமொழியைத் தாங்கி நிற்கிறது. உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி திராணகம, தம் சக ஆசிரியர் மூவரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதினார். இந்தியப் படையின் கொடுமைகளையும் அரசின் கொடுமைகளையும் எழுதிய அதே பேனா, தமிழியக்கங்களின் கொடுமைகளையும் எழுதியது. 1989 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர்கள் அக்கொலைக்குப் பொறுப்பென்று சுட்டியது தமிழ் மக்களின் பெயராற் போராடிய இயக்கத்தையே. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் என்ற அவர்களது அமைப்பு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி எழுத வேண்டியதாயிற்று. குப்பையைக் கிளறாதே என்ற அறிவுரை எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா? 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்திலே துரத்தப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம் என்பதையும் இதனோடு வைத்தெண்ணுக.

தன்னைக் குற்றஞ்சாட்டும் கடதாசியைத் தானே வெளியிலெடுத்த பல்கலைக்கழகம் உலகில் எங்குமில்லையா? உண்டு. அமெரிக்காவிலுள்ள ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் யேசு சபையாரால் நடத்தப்படுவது. 1838 ஆம் ஆண்டிலே அச்சபையார் தமக்கு உடைமையாயிருந்த 272 கறுப்பின மக்களை லூசியானாவுக்கு விற்றனர். அப்பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனைத் தீர்க்கச் சென்றது. விற்பனைப் பத்திரம் சபையாரின் சுவடிகளுள்ளே கிடந்தது. அதிலே பெயர்கள் இருந்தன. மாணவர் போராடினர், ஆராய்ச்சிக் குழு அமைந்தது, விற்பனையை நடத்திய தலைவரின் பெயர் ஒரு கட்டடத்திலிருந்து நீக்கப்பட்டு, அப்பத்திரத்தில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த ஐசாக் என்ற அடிமையின் பெயர் 2017 ஆம் ஆண்டிலே சூட்டப்பட்டது. பெயர்ப்பலகையால் அநீதி தீர்ந்துவிடாது. முதலாளித்துவ அமெரிக்கா தன் மனச்சாட்சியை மலிவாக ஆற்றிக்கொள்ளும் கலையில் வல்லது. எனினும் அந்தச் சந்ததியார் தம் பாட்டனின் பெயரைக் கடதாசியிற் கண்டார்கள். எமது மாணவன் கேட்டது அதனைத்தான்.

திருநெல்வேலி வளாகத்தின் முதலாண்டுகளைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுதல் வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையிலேயே அமைய வேண்டும் என்பது தமிழரசுக் கட்சியாரின் நெடுங்காலக் கோரிக்கை. பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் தமிழ் மாணவரை வாட்டிய காலம் அது. அவ்வேளையில் யாழ்ப்பாணத்தில் வளாகம் அமைந்ததைச் சந்தேகத்தோடு நோக்கியவர் பலர். சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவரின் வளவிலே, மார்க்சியரான கலாநிதி க. கைலாசபதி முதலாவது தலைவராக வந்தமர்ந்தார். வரலாறு சில வேளைகளில் நன்றாகவே நகைக்கிறது. அன்று அங்கு சிங்கள மாணவரும் படித்தனர். 1977 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கலவரத்தோடு அவர்கள் வெளியேறினர்.

அதே காலத்திலே கஸ்தூரியார் வீதியிலுள்ள ஒரு சிகையலங்கரிப்பு நிலையத்திலிருந்து, பல்கலைக்கழகப் படலையைத் தாண்டாத டொமினிக் ஜீவா, 1966 ஆம் ஆண்டு தொடங்கிய மல்லிகையை மாதந்தோறும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். கே. டானியல் 1972 ஆம் ஆண்டிலே ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். இவர்களைப் பற்றி ஆய்வேடெழுதிப் பட்டம் பெறுவோர் இன்று பலர். அவர்களது கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் அக்காலத்திலேயே கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்தவர் எத்தனை பேர்? இங்கே குற்றம் ஒருவருடையதன்று. எமது பாடசாலையொன்றின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் அலுமாரியோடு கறையானுக்கு இரையானதை நாமே பார்த்துக்கொண்டிருந்தோம். தவணைப் பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றிருந்தோம். முதற்பக்கங்களில் எந்தப் பிள்ளைகள் எப்போது சேர்க்கப்பட்டார்கள், யார் ஆட்சேபித்தார்கள் என்ற குறிப்புகள் இருந்ததாகப் பழைய ஆசிரியர் ஒருவர் பின்னர் சொன்னார். கறையானுக்குச் சாதியபிமானம் இல்லை. எமது அலட்சியத்துக்கு உண்டோ என்ற ஐயம் இன்றும் எம்மை விட்டபாடில்லை.

2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் எண்ணிம வடிவிலே எவரும் படிக்க வைத்திருப்பது பெரும்பணி. கொழும்புக்கும் ஹாவட்டுக்கும் போக வழியற்ற எமது மாணவர் அதன் பயனை அனுபவிக்கிறார்கள். ஆனால் எழுதப்பட்டதையே பிரதி செய்யலாம். எழுதப்படாததை என் செய்வது? கேட்டு எழுத வேண்டும். அச்செழுத்தையும் பட்டத்தையும் மதிக்கும் எமது கல்வியுலகம், கிழவியொருத்தியின் வாய்ச்சொல்லைச் சான்றென ஏற்கத் தயங்குகிறது. டெனன்ற் துரையின் வாய்ச்சொல் அச்சேறியதால் மட்டும் சான்றாகிவிட்டதை நாம் எண்ணுவதில்லை.

அந்த மாணவனிடம் நாம் இதனையே சொன்னோம். கடதாசியில் இல்லாவிட்டால் வீட்டிலே கேட்டு எழுதிக்கொண்டு வா என்றோம். மூன்று வாரங்களின் பின் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தான். அவனுடைய அம்மம்மா எழுபதுகளிலே திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டிலிருந்து, வாடகை அறைகளிலே தங்கியிருந்த கந்தோர் உத்தியோகத்தருக்கும் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் சோறு சமைத்துக் கொடுத்தவர். யார் எத்தனை நேரம் சாப்பிட்டார், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கணக்குக் கொப்பியொன்றிலே குறித்து வந்தார். 1995 ஆம் ஆண்டு இடம்பெயர்விலே அது தொலைந்தது. பெயர்கள் மட்டும் அவருக்கு மனப்பாடம். பேரன் அவற்றை வரிசையாக எழுதியிருந்தான். அவற்றுட் சில சிங்களப் பெயர்கள். அவற்றின் கீழே அம்மம்மா சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதியிருந்தான்:

“எங்கட தமிழாக்கள் கனபேர் முதல் ஊரை விசாரிப்பினம், பிறகு பகுதியை விசாரிப்பினம், பிறகு வராயினம். சிங்களப் பெடியளுக்கு விசாரிக்கத் தெரியாது. அதாலை வந்து வயிறாரச் சாப்பிட்டிட்டுப் போவாங்கள். எழுபத்தேழிலை ஓடேக்கை ரெண்டு பேர் காசு தரேல்லை. தந்திருப்பாங்கள், நேரமில்லை.”

கொப்பியின் மட்டையிலே தலைப்பெழுத இடம் விட்டிருந்தான். ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று கேட்டான். சொன்னவர் பெயரை எழுது என்றோம். அம்மம்மாவுக்கு முழுப்பெயர் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டு வருவதாகச் சொல்லிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.